விலை ஏறியது சரி, வரத்து எவ்வளவு? நகரும் சராசரியும் வால்யூமும் வைத்துப் பங்குகளைச் சலிக்கும் முறை

மாலை நான்கு மணி தாண்டியதும் வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் ஒரு பட்டியல் சுற்றத் தொடங்கும். நாற்பது பங்குகளின் பெயர்கள் இருக்கும். மேலே ஒரே ஒரு வரி: "200 டிஎம்ஏ-வுக்கு மேல், வால்யூம் 3 மடங்கு." மதுரையில் கடையை அடைத்துவிட்டு இரவில் சார்ட் பார்க்கும் வியாபாரியிலிருந்து, மாதச் சம்பளத்தில் கொஞ்சம் ஒதுக்கி டீமேட் கணக்கு தொடங்கியவர் வரை பலர் இதை வாங்கச் சொல்லும் பரிந்துரையாகவே எடுத்துக்கொள்கிறார்கள். அந்த வரி சொல்வது வேறு: விலை 200 நாள் நகரும் சராசரிக்கு (டிஎம்ஏ) மேலே இருக்கிறது, கைமாறிய பங்குகளின் எண்ணிக்கை (வால்யூம்) வழக்கத்தைப்போல மூன்று மடங்கு, அவ்வளவுதான். அதைப் பிரித்துப் பார்ப்போம்.

இப்படி நிபந்தனை வைத்துப் பங்குகளைப் பிரித்தெடுக்கும் ஸ்கிரீனர் என்பது சல்லடை. அதற்கு அளவு மட்டும்தான் தெரியும். பருப்பும் கல்லும் ஒரே அளவில் இருந்தால் இரண்டையும் ஒன்றாகத்தான் கீழே விடும். எனவே கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இதில் எதை வாங்கலாம்" என்பதல்ல. "இந்தச் சல்லடையின் கண் எவ்வளவு பெரிது, அது எதையெல்லாம் உள்ளே விட்டிருக்கிறது" என்பதுதான்.

நகரும் சராசரி: மல்லி விலையில் ஒரு கணக்கு

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லி கிலோ விலை ஐந்து நாட்களுக்கு 600, 650, 700, 900, 1,150 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம் (எண்கள் கணக்குக்காக மட்டும்). கூட்டினால் 4,000. ஐந்தால் வகுத்தால் 800. இதுதான் ஐந்து நாள் சராசரி.

ஆறாவது நாள் விலை 1,300. இப்போது பழைய 600 கழிந்து 1,300 சேர்கிறது. கூட்டுத்தொகை 4,700, சராசரி 940. தினமும் ஒன்று சேர்ந்து ஒன்று கழிவதால்தான் இதற்கு நகரும் சராசரி என்று பெயர். பங்குகளில் வழக்கமாக அன்றைய முடிவு விலையைக் கொண்டு இதைக் கணக்கிடுவார்கள்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ஆறாவது நாள் விலை ஏறவே இல்லை, அதே 1,150-தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் சராசரி 800-லிருந்து 910-க்கு ஏறும். காரணம் இன்றைய விலை இல்லை. ஐந்து நாளுக்கு முந்தைய 600 கணக்கிலிருந்து விழுந்ததுதான். சார்ட்டில் சராசரிக் கோடு மேலே திரும்பியதைப் பார்த்து "பங்கு வேகம் பிடிக்கிறது" என்று சொல்லும்போது, பாதி நேரம் நாம் பழைய நாள் ஒன்று உதிர்ந்ததைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம்.

இந்தக் குறையைச் சற்றுக் குறைக்க எக்ஸ்பொனென்ஷியல் சராசரி, அதாவது இஎம்ஏ, பயன்படுகிறது. சாதாரண 20 நாள் சராசரியில் ஒவ்வொரு நாளுக்கும் 5 சதவீத எடை. இஎம்ஏ-வில் இன்றைய விலைக்கு 2-ஐ 21-ஆல் வகுத்த எடை, ஏறக்குறைய 9.5 சதவீதம், பழைய நாட்களின் எடை படிப்படியாகத் தேயும். சீக்கிரம் திரும்பும், சீக்கிரம் ஏமாற்றவும் செய்யும். எது சிறந்தது என்ற வாதத்தில் நேரம் செலவழிக்கத் தேவையில்லை. ஏதாவது ஒன்றை எடுத்து அதையே தொடர்ந்து பயன்படுத்தினால் போதும்.

20, 50, 200 எங்கிருந்து வந்தன?

சந்தை ஓர் ஆண்டில் ஏறக்குறைய 250 நாட்கள் இயங்குகிறது. ஆக 20 நாள் என்பது ஒரு மாத வர்த்தகம், 50 நாள் சுமார் இரண்டரை மாதம், 200 நாள் சுமார் பத்து மாதம். இந்த எண்களில் மாயம் எதுவும் இல்லை. 190 வைத்தாலும் 210 வைத்தாலும் கோடு பெரிதாக மாறாது. உலகம் முழுக்கப் பலர் 200-ஐப் பார்ப்பதால் அதற்கு ஒரு தனி மதிப்பு வந்துவிட்டது, அவ்வளவுதான்.

தெரிந்துகொள்ள வேண்டியது அதன் தாமதம். சாதாரண சராசரியில் உள்ள தகவலின் நடு வயது, நாட்களின் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்துப் பாதியாக்கினால் வரும். 20 நாள் சராசரிக்கு 9.5 நாள். 200 நாள் சராசரிக்கு 99.5 நாள், அதாவது ஐந்து மாதத்துக்குச் சற்றுக் குறைவு. 200 நாள் கோடு இன்று சொல்வது, பங்கு ஐந்து மாதம் முன்பு இருந்த நிலையின் நிழல்.

சராசரி நிபந்தனைகள் எதைச் சோதிக்கின்றன?

1. விலை 200 நாள் சராசரிக்கு மேல்: கடந்த பத்து மாதத்தில் வாங்கியவர்கள் சராசரியாக லாபத்தில் இருக்கிறார்கள் என்று தோராயமாகப் பொருள் கொள்ளலாம். தோராயம்தான், எந்த விலையில் எத்தனை பேர் வாங்கினார்கள் என்பது இந்தக் கணக்கில் இல்லை.

2. 50 நாள் சராசரி 200 நாள் சராசரிக்கு மேல்: கீழிருந்து மேலே கடக்கும் நாளைத்தான் 'கோல்டன் கிராஸ்' என்று கொண்டாடுகிறார்கள். இரண்டு தாமதமான கோடுகள் ஒன்றையொன்று கடப்பது இன்னும் தாமதமான செய்தி. அதை வாங்கும் நாளாகப் பார்ப்பதைவிட, ஏற்றம் நிலைத்திருக்கிறதா என்று பார்க்கும் ஒரு சோதனையாக வைத்துக்கொள்வது நல்லது.

3. 200 நாள் சராசரியே ஏறுகிறதா: இன்றைய மதிப்பு 20 நாளுக்கு முந்தைய மதிப்பைவிட அதிகமா என்று பார்த்தால் போதும். பட்டியல் தயாரிப்பவர்கள் அதிகம் விட்டுவிடும் நிபந்தனை இது. கோடு இறங்கிக்கொண்டிருக்கும்போது விலை அதைத் தாண்டுவது, இறங்கி வரும் மாடிப்படியில் ஒருவர் ஒரு படி மேலே ஏறி நிற்பது போல.

4. 50 நாள் சராசரியிலிருந்து விலை எவ்வளவு தூரம்: 40 சதவீதம் மேலே போய்விட்ட பங்கும் "சராசரிக்கு மேல்" என்ற நிபந்தனையில் தேறும். ஒரு மேல் வரம்பு வைக்காத பட்டியலில் ஏற்கெனவே ஓடி முடித்த பங்குகள்தான் கண்ணைப் பறிக்கும்.

இந்த முறை எங்கே உதவுகிறது, எங்கே உதவாது என்பதற்கு 2020 நல்ல பாடம். நிஃப்டி குறியீடு அந்த ஆண்டு பிப்ரவரி இறுதியில் 200 நாள் சராசரிக்குக் கீழே இறங்கியது. பிப்ரவரி 28 அன்று 11,201-ல் முடிந்தது. மார்ச் 23 அன்று 7,610. மீண்டும் அந்தக் கோட்டைத் தாண்டி மேலே வந்தது ஜூலையில், 11,000-ஐ ஒட்டி. அதாவது கோட்டை மட்டும் நம்பி விற்று, கோட்டை மட்டும் நம்பித் திரும்ப வாங்கியவருக்கு விற்ற விலையும் வாங்கிய விலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அடிமட்டத்தில் வாங்கவில்லை, லாபமும் எடுக்கவில்லை. ஆனால் நடுவில் நடந்த வீழ்ச்சியின்போது அவர் வெளியே இருந்தார். சராசரி தருவது இந்த அளவுதான்.

திசையில்லாத சந்தையில் இதுகூடக் கிடைக்காது. விலை கோட்டுக்கு மேலும் கீழும் மாறி மாறிப் போகும். ஒவ்வொரு முறையும் வாங்கி, விற்று, தரகும் வரியும் கட்டியே முதல் கரையும்.

வால்யூம்: வடிகட்டி ஒன்றா, இரண்டா?

மல்லி விலையை விசாரிக்கும் மதுரைக்காரர் யாரும் விலையோடு நிறுத்துவதில்லை. அடுத்து "வரத்து எப்படி?" என்று கேட்பார். மார்கழி, தை மாதங்களில் பனியால் மொட்டு குறைந்து, உசிலம்பட்டி, திருமங்கலம், நிலக்கோட்டைப் பக்கத்திலிருந்து வரும் மூட்டைகள் சுருங்கும். முகூர்த்த நாளும் சேர்ந்தால் விலை ஆயிரங்களில் நிற்கும். கோடையில் வரத்து குவியும்போது அதே பூ மலிந்து சென்ட் ஆலைக்குப் போகும். கொஞ்சம் பூவுக்கு வந்த உச்ச விலையையும், மூட்டை மூட்டையாக விற்ற நாளின் விலையையும் ஒரே தராசில் யாரும் வைப்பதில்லை.

பங்கின் வால்யூம் என்பது வரத்து இல்லை; கைமாறிய எண்ணிக்கை. ஒருவர் வாங்க ஒருவர் விற்றால்தான் ஒரு வால்யூம். எனவே "வால்யூம் அதிகம், எல்லோரும் வாங்குகிறார்கள்" என்ற வாக்கியத்துக்கே பொருள் இல்லை. அதே அளவு விற்றும் இருக்கிறார்கள். ஆனால் விலையை எத்தனை பேர் பணம் போட்டு ஆமோதித்தார்கள் என்ற கேள்வி பூவுக்கும் பங்குக்கும் பொது.

குழப்பத்தின் வேர் இங்கேதான். வால்யூம் வடிகட்டி என்ற ஒரே பெயரில் இரண்டு தனித்தனி வேலைகள் ஒளிந்திருக்கின்றன.

முதல் வேலை: வாசல் எவ்வளவு அகலம்? நாளைக்கே விற்க வேண்டி வந்தால் விலையைச் சரிக்காமல் வெளியே வர முடியுமா என்பது.

இரண்டாவது வேலை: இன்று வழக்கத்துக்கு மாறாக ஏதாவது நடந்ததா?

"வால்யூம் 3 மடங்கு" என்ற வரி இரண்டாவதை மட்டும் சொல்கிறது. தினமும் 2,000 பங்கு கைமாறும் ஒரு பங்கில் இன்று 6,000 கைமாறினாலும் அது 3 மடங்குதான். விலை 30 ரூபாய் என்றால் மொத்த வர்த்தகம் 1,80,000 ரூபாய். ஒரே ஒருவர் உட்கார்ந்து இதை உண்டாக்க முடியும். பட்டியலில் வரும் விபத்துகளில் பெரும்பங்கு இந்த ஓட்டை வழியாகத்தான் வருகிறது. அதனால் முதல் வேலைக்கான வடிகட்டியை முதலில் போட வேண்டும்.

வாசலை அளப்பது: எண்ணிக்கையை விடுங்கள், ரூபாயைப் பாருங்கள்

8 ரூபாய்ப் பங்கில் 5 லட்சம் பங்கு கைமாறினால் 40 லட்சம் ரூபாய். 3,000 ரூபாய்ப் பங்கில் 20,000 பங்கு கைமாறினால் 6 கோடி. "தினமும் 1 லட்சம் பங்குக்கு மேல்" என்ற நிபந்தனை முதலாவதை உள்ளே விட்டு இரண்டாவதை வெளியே தள்ளும். இருக்க வேண்டியது நேர்மாறாக.

உள்ளூர் உதாரணம் ஒன்று. மேலூர் சாலையில் வெள்ளரிப்பட்டியில் டயர் ஆலை வைத்திருக்கும் டிவிஎஸ் ஸ்ரீசக்ரா நிறுவனத்தின் மொத்தப் பங்குகளே 80 லட்சத்துக்குக் கீழ்தான். "தினமும் 5 லட்சம் பங்கு" என்று நிபந்தனை வைத்தால், அதில் தேற நிறுவனத்தின் 6 சதவீதத்துக்கு மேல் அன்றாடம் கைமாற வேண்டும். நடக்கிற காரியமா? வடிகட்டி அதைத் தள்ளியது நிறுவனத்தைப் பற்றிய தீர்ப்பு ஆகாது. நிபந்தனை எண்ணிக்கையில் எழுதப்பட்டதன் விளைவு. (வாங்கவோ விற்கவோ சொல்லும் குறிப்பு இது இல்லை.)

அப்புறம், சராசரியா மீடியனா என்ற கேள்வி. 19 நாட்கள் தினமும் 50,000 பங்கு, ஒரே ஒரு நாள் ஒரு பெரிய நிறுவனம் மொத்தமாக விற்றதால் 20 லட்சம் பங்கு என்று வையுங்கள். 20 நாள் சராசரி 1,47,500. நிஜ வாசலைப்போல மூன்று மடங்கு அகலம் காட்டுகிறது. எண்களை வரிசைப்படுத்தி நடுவில் உள்ளதை எடுக்கும் மீடியன் 50,000-லேயே நிற்கும். கூகுள் ஷீட்டில் கணக்கு போடுபவர்களுக்கு இதில் கூடுதல் உழைப்பு எதுவும் இல்லை.

எவ்வளவு ரூபாய் போதும் என்பது உங்கள் முதலைப் பொறுத்தது. ஒரு பங்கில் போடும் தொகை அதன் அன்றாட வர்த்தகத்தில் 1 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் வெளியேறுவதில் சிக்கல் குறைவு. 5 லட்சம் போடுபவருக்கு 5 கோடி வர்த்தகம் தேவை. 40 லட்சம் வர்த்தகமாகும் பங்கில் அவர் இறங்கினால் ஒரு நாள் சந்தையில் எட்டில் ஒரு பங்கு அவரே.

பொங்கும் வால்யூம்: நான்கு பொறிகள்

1. இன்றைய நாளையும் சேர்த்துச் சராசரி எடுப்பது. 19 நாள் 1 லட்சம், இன்று 3 லட்சம் என்றால் 20 நாள் சராசரி 1.1 லட்சம் ஆகிவிடும்; விகிதம் 3-க்குப் பதில் 2.7. நேற்றோடு முடிந்த 20 நாட்களோடு ஒப்பிட்டால்தான் சரி.

2. சந்தை நேரத்துக்குள் ஓட்டுவது. காலை 11 மணிக்கு ஓட்டினால் ஒன்றே முக்கால் மணி நேர வால்யூமை, 9.15 முதல் 3.30 வரையிலான முழு நாள் சராசரியோடு ஒப்பிடுகிறோம். தேறுவது மிகச் சிலதான்; அவையும் பெரும்பாலும் செய்தியால் குதித்தவை.

3. திசை பார்க்காமல் விடுவது. 3 மடங்கு வால்யூமில் விலை 6 சதவீதம் விழுந்த பங்கும் 200 நாள் கோட்டுக்கு மேலேயே இருக்கலாம். பட்டியலில் பெயர் வரும். அன்றைய உச்சத்துக்கும் தாழ்வுக்கும் நடுக்கோட்டுக்கு மேலே முடிந்ததா என்ற ஒரு நிபந்தனை இதைப் பெரும்பாலும் தடுக்கும்.

4. காரணம் தேடாமல் விடுவது. குறியீட்டில் சேர்ப்பு, நீக்கம் நடக்கும் நாளில், அதே குறியீட்டைப் பின்பற்றும் இன்டெக்ஸ் ஃபண்டுகள் கட்டாயமாக வாங்கி விற்கும். புதிய வெளியீடுகளில் ஆங்கர் முதலீட்டாளர்கள், அதாவது வெளியீட்டுக்கு முன்பே பங்கு ஒதுக்கப்பட்ட பெரிய நிறுவனங்கள், விற்கக் கூடாது என்ற பூட்டு விலகும் நாளில் விற்பனை வரும். நிறுவனத்தின் மொத்தப் பங்கில் 0.5 சதவீதத்துக்கு மேல் ஒரே கை வாங்கினாலோ விற்றாலோ அது பல்க் டீல். அன்று மாலையே எக்ஸ்சேஞ்ச் தளத்தில் பெயரோடு வெளியாகும். இரண்டு நிமிட வேலை, யாரும் செய்வதில்லை.

டெலிவரி சதவீதத்தையும் பலர் நாடுகிறார்கள். கைமாறியதில் எவ்வளவு அன்றே விற்று முடிக்கப்படாமல் டீமேட் கணக்குக்குப் போனது என்பதைத் தேசியப் பங்குச் சந்தையான என்எஸ்இ தினமும் வெளியிடுகிறது. பயனுள்ள தகவல்தான். ஆனால் கண்காணிப்பின் பேரில் 'டிரேட் டு டிரேட்' பிரிவில் வைக்கப்பட்ட பங்குகளில் இன்ட்ராடே, அதாவது அன்றே வாங்கி அன்றே விற்பதற்கு, அனுமதியே கிடையாது; எனவே அங்கே டெலிவரி எப்போதும் 100 சதவீதம். "100 சதவீத டெலிவரி, பெரிய கைகள் சேர்க்கின்றன" என்று வரும் செய்தியைப் பார்த்தால் முதலில் அந்தப் பங்கு எந்தப் பிரிவில் இருக்கிறது என்று பாருங்கள்.

இதோடு ஒட்டியதுதான் சர்க்யூட், அதாவது ஒரு நாளில் விலை ஏறவோ இறங்கவோ அனுமதிக்கப்பட்ட எல்லை. 5 சதவீத வரம்பு உள்ள பங்கு தினமும் அப்பர் சர்க்யூட்டில், அதாவது மேல் எல்லையில், பூட்டிக்கொண்டால் 'சராசரிக்கு மேல்' என்ற நிபந்தனைகளில் அழகாகத் தேறும். ஏறும்போது விற்பவர் இல்லை, வாங்க முடியாது. இறங்கும்போது வாங்குபவர் இல்லை, விற்க முடியாது. ரூபாய் வர்த்தக வடிகட்டி முதலில் இருந்தால் இதில் பெரும்பகுதி அங்கேயே நின்றுவிடும்.

எந்த வரிசையில் சலிப்பது?

என்எஸ்இ-யில் பட்டியலான நிறுவனங்கள் 2,000-க்கும் மேல். கீழே உள்ள வரிசையில், எண்களை அவரவர் தேவைக்கு மாற்றிக்கொள்ளலாம். வரிசையை மாற்ற வேண்டாம்.

1. டிரேட் டு டிரேட் பிரிவிலும், எக்ஸ்சேஞ்சின் ஏஎஸ்எம், ஜிஎஸ்எம் என்ற கூடுதல் கண்காணிப்புப் பட்டியல்களிலும் உள்ளவற்றை நீக்கு.
2. கடந்த 20 நாள் ரூபாய் வர்த்தகத்தின் மீடியன் 5 கோடிக்கு மேல்.
3. முடிவு விலை 200 நாள் சராசரிக்கு மேல். அந்தச் சராசரி 20 நாளுக்கு முன்பைவிட உயர்ந்திருக்க வேண்டும்.
4. 50 நாள் சராசரி 200 நாள் சராசரிக்கு மேல். விலை 50 நாள் கோட்டிலிருந்து 15 சதவீதத்துக்குள்.
5. இன்றைய வால்யூம், நேற்று வரையிலான 20 நாள் மீடியனில் இரண்டு மடங்குக்கு மேல். முடிவு விலை அன்றைய வீச்சின் மேல் பாதியில்.

இதற்கு மேல் ஆர்எஸ்ஐ, எம்ஏசிடி என்று விலையின் வேகத்தை அளக்கும் குறிகாட்டிகளை அடுக்குவதில் பெரிய லாபம் இல்லை. அவையும் இதே விலையிலிருந்து பிழிந்தவைதான். ஒரே சாட்சியை நான்கு முறை கூண்டில் ஏற்றினால் நான்கு சாட்சி ஆகாது.

தரவு பொய் சொல்லும் இடங்கள்

2024 அக்டோபர் இறுதியில் ரிலையன்ஸ் இண்டஸ்ட்ரீஸ் ஒன்றுக்கு ஒன்று போனஸ், அதாவது ஒரு பங்குக்கு ஒரு பங்கு இலவசமாக, கொடுத்தது. பங்கு விலை ஒரே நாளில் ஏறக்குறைய பாதியானது. முதலீட்டாளரிடம் பங்கு எண்ணிக்கை இரட்டிப்பானதால் மதிப்பு மாறவில்லை. பழைய விலைகளைத் திருத்தாத தரவை வைத்துக் கணக்கிட்டால், பங்கு 200 நாள் கோட்டை உடைத்து விழுந்ததாகவும், வால்யூம் பொங்கியதாகவும் காட்டும். எக்ஸ்சேஞ்சின் அன்றாட விலைக் கோப்புகளை இறக்கிச் சொந்தமாகக் கணக்கிடுபவர்கள் போனஸ், ஸ்ப்ளிட் (ஒரு பங்கைப் பலவாகப் பிரிப்பது) தேதிகளில் பழைய விலையையும் வால்யூமையும் சேர்த்தே திருத்த வேண்டும். விலையை மட்டும் திருத்தி வால்யூமை மறப்பது சகஜமான தவறு.

புதிதாகப் பட்டியலான நிறுவனத்துக்கு 200 நாள் வரலாறே இருக்காது. சில மென்பொருள்கள் அதை நீக்கும், சில இருக்கும் நாட்களை வைத்து ஒப்பேற்றும். உங்கள் கருவி எதைச் செய்கிறது என்று ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

பழைய கணக்கில் ஜெயித்தது நிஜத்தில் ஏன் தோற்கிறது?

நிபந்தனைகளைப் பழைய விலைகளில் ஓட்டிப் பார்ப்பது நல்ல பழக்கம். ஆனால் இன்று உயிரோடு இருக்கும் நிறுவனங்களை மட்டும் எடுத்தால், நடுவில் திவாலாகிக் காணாமல் போனவை கணக்கில் வராது; முடிவு இனிக்கும். அடுத்தது, நிபந்தனை தேறியது முடிவு விலை வந்த பிறகுதான் தெரியும். அதே முடிவு விலையில் வாங்கியதாகக் கணக்கு போடுவது ஏமாற்று. நிஜத்தில் மறுநாள் காலை விலையில்தான் வாங்க முடியும், அதுவும் அதே பட்டியலைப் பார்த்த எல்லோரோடும் முண்டியடித்து.

செலவும் இருக்கிறது. டெலிவரி வர்த்தகத்தில் எஸ்டிடி என்ற பரிவர்த்தனை வரி வாங்கும்போது 0.1 சதவீதம், விற்கும்போது 0.1 சதவீதம். ஒரே முதலை ஆண்டுக்கு 20 முறை சுழற்றினால் அதிலேயே போட்ட பணத்தில் 4 சதவீதம் போகும். ஓராண்டுக்குள் விற்ற லாபத்துக்கு 2024 ஜூலை 23 முதல் வரி 20 சதவீதம். இதே பட்டியலை வைத்து இன்ட்ராடே செய்யலாமே என்றால், 2022-23 நிதியாண்டை ஆராய்ந்த பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி, பங்குகளில் இன்ட்ராடே செய்த தனிநபர்களில் பத்தில் ஏழு பேர் நஷ்டப்பட்டதாகக் கண்டது.

பட்டியல் அனுப்புபவர் "இதை வாங்குங்கள்" என்று கட்டணம் கேட்டால், செபி பதிவு பெற்ற ரிசர்ச் அனலிஸ்ட்டா என்று பதிவு எண்ணைக் கேட்டு, செபி தளத்தில் சரிபார்க்கலாம். ஐஎன்எச் என்ற எழுத்துகளில் தொடங்கும்.

பட்டியல் காலியாக வந்தால்?

சில வாரங்களில் மேற்கண்ட ஐந்து படிகளையும் ஓட்டினால் இரண்டு பெயர் வரும், அல்லது ஒன்றுமே வராது. உடனே 5 கோடியை 1 கோடியாக்கி, 15 சதவீதத்தை 30 ஆக்கி, நாலு பெயராவது வரவழைக்கத்தான் கை போகும். சல்லடைக் கண்ணைப் பெரிதாக்கினால் கல்தான் விழும். 2020 மார்ச் கடைசி வாரத்தில் பெரும்பாலான பங்குகள் 200 நாள் சராசரிக்குக் கீழே கிடந்தன. அன்று இந்தச் சல்லடையில் கிட்டத்தட்ட எதுவும் தேறியிருக்காது. தினமும் எத்தனை பெயர் தேறியது என்ற எண்ணை மட்டும் ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வாருங்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், அந்த எண் ஏறி இறங்கியதே சந்தையின் நிலவரத்தைக் காட்டும். எந்தப் பங்கின் பெயரும் அதற்குத் தேவைப்படாது.